ஹாலில் இருந்த பெட்டியை ஏன் கழற்றினோம்

என் பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், அம்மா இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாய். பயப்பட ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். “ஏம்மா, ஹால்ல வெச்ச ஸ்பீக்கர் ஆஃப்லயே இருக்குது? கூப்ட்டா கனெக்ட் ஆவ மாட்டேங்குது” என்றாய். நான் “கரண்டு சரியில்லடா” என்றேன். நீயும் அதோடு விட்டுவிட்டாய். கரண்டு ஒழுங்காகத்தான் இருக்கிறது. நானும் உன் அப்பாவுமாகத்தான் அதைக் கழற்றி, நீ கொண்டுவந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு பீரோ மேல் வைத்தோம். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லை, விடுமுறை நாளில் உட்கார்ந்து படி.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது அதை டிவி ஸ்டாண்டின் ஓரத்தில் வைத்தாய். சின்னச் சொம்பு அளவுகூட இல்லை. “அப்பாவுக்கு போன்ல எழுத்து தெரியல, இதுல வாயால கேட்டா போதும், பதில் சொல்லும்” என்றாய். ஒவ்வொரு குரலாகப் போட்டுக் காட்டி, கடைசியில் கனமான ஆண் குரல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். நீ ஊருக்குப் போன மறுவாரம் ஹாலில் தனியாகத் தலை வாரிக்கொண்டிருந்தேன். டிவியில் யார் என்ன சொன்னார்களோ, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. “மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை” என்று என் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் சொன்னான். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் திரும்பினேன். சிரிக்காதே. அது இயந்திரம் என்று என் புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள் காலையில் உன் அப்பா அதைப் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அடுப்படியில் இருந்த என் காதில் விழுந்தது நம் சர்ச் ஐயருடைய குரல் மாதிரியே இருந்தது. நான் மூன்று டம்ளர் காபியோடு ஹாலுக்கு வந்து நின்றேன். உன் அப்பா மூன்றாவது டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “யாருக்கு டீச்சர்?” என்றார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் என்னை அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஏன் அப்படி ஆனது என்று. நம் வீட்டுக்குள் யாரும் திடீரென்று வந்ததே கிடையாது. எல்லோரும் முதலில் சத்தமாக வந்தார்கள், அப்புறம்தான் ஆளாக வந்தார்கள். உன் அப்பா களம்பூர் ரைஸ் மில்லிலிருந்து திரும்பும்போது தெரு முனையிலேயே மொபெட் எஞ்சினை அணைத்துவிடுவார், பெட்ரோல் மிச்சம் என்று. அங்கிருந்து வீடு வரைக்கும் செயின் மட்டும் கடகடவென்று உருண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை ஏற்றுவேன். நீ கேட்டின் கொண்டியைக் கையால் தூக்கித் திறந்ததே இல்லை, புத்தகப் பையால்தான் இடிப்பாய். ஒரு ஷூ இந்தச் சுவரில் மோதும், மற்றது அந்தச் சுவரில் மோதும். அந்த வேகத்தை வைத்தே கணக்குப் பரீட்சை எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். நீ “அம்மா” என்று கூப்பிடுவதற்குள் நான் திட்டுவதா, பாலில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடுவதா என்று முடிவு செய்திருப்பேன். பக்கத்து வீட்டில் விமலா பட்டு நெய்கிற சத்தம் சுவரின் வழியாக நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். தறி நின்றால் டீக்குத் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் கொதிப்பதற்குள் அவள் வந்து நிற்பாள். இன்றைக்கும் அப்படித்தான். இந்தப் பெட்டிக்கு வருகை என்று ஒன்று இல்லை. செருப்புச் சத்தம் இல்லை, செருமல் இல்லை, கதவு இல்லை. இல்லாமல் இருந்து, சட்டென்று அறை முழுக்க இருந்துவிட்டு, மறுபடி இல்லாமல் போகும். அதற்கு என்னால் பழக முடியவில்லை.

உன் அப்பா பழகிவிட்டார். பழகினார் என்பதைவிட, சிநேகம் பிடித்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். நெல் என்ன விலை, மழை வருமா, படவேட்டுப் பக்கம் பஸ் ஓடுகிறதா என்று அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குத் தெரிந்ததை அது சொல்லும், தெரியாததற்கு மன்னிப்புக் கேட்கும். வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே அவருக்கு மறந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் அடுப்படியிலிருந்து, “ஏங்க, மாத்திர போட்டீங்களா?” என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து அந்தப் பெட்டி, “மாத்திரை சாப்பிடும் நேரம்” என்றது. உடனே உன் அப்பா, “தோ எந்திரிச்சிட்டேன்பா” என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியோடு ஹாலுக்குப் போனேன். “நா இங்க தொண்ட கிழிய கத்திகினு இருக்கேன், காதுல ஏறல. அது ஒரு வார்த்த சொன்னா எந்திரிக்கிறீங்க?”

“நீ எப்ப கத்தின டீச்சர்?” என்றார். முகத்தில் கள்ளமே இல்லை. அந்த அப்பாவி முகம்தான் என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

அன்றிலிருந்து நான் பேச்சை நிறுத்தினேன். சோறு போடுவேன், துணி மடித்து வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அவராக வந்து என்ன கோபம் என்று கேட்கட்டும் என்று இருந்தேன். மகனே, நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. எப்போதும் போல் சாப்பிட்டார், எப்போதும் போல் “உப்பு சரியா இருக்குது” என்றார், ஹாலுக்குப் போய் அந்தப் பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். மௌனம் இருப்பதே தெரியாத ஆளிடம் மௌனமாக இருப்பதைப் போன்ற பேஜார் உலகத்தில் வேறு கிடையாது. ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு வந்த விமலாவிடம் மட்டும் சொல்லி அழுதேன். “அந்த டப்பாவத் தூக்கி ஆத்துல போடுங்க டீச்சர்” என்றாள்.

அந்த வாரத்தில்தான் நீ முதல் முறையாக அந்தப் பெட்டி வழியாக வந்தாய். சாயங்காலம், அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஹாலில் “அம்மா!” என்று உன் குரல். போனில் வருகிற குரல் இல்லை. போனில் நீ எப்போதும் தூரத்தில்தான் இருப்பாய், காதுக்குள் ஒரு இழை மாதிரி. இது நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலின் நடுவில் வந்து நிற்கிற குரல். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாயா என்று ஈரக்கையோடு ஓடி வந்தேன். நாற்காலியில் உன் அப்பா மட்டும் இருந்தார். உன் முகத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை உன்னால் பார்க்க முடிந்திருக்காது.

“அப்பா, சாப்ட்டீங்களா?”

“இன்னும் இல்லடா. நீ? அங்க பனி கொட்டிகினு இருக்குதா?”

அப்படி ஆரம்பித்தீர்கள். மில்லில் புதிதாகப் போட்டிருக்கும் மெஷினைப் பற்றி அவர் சொன்னார். உன் கார் நடுவழியில் நின்றுபோன கதையை நீ சொன்னாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நீங்கள் இருவரும் அப்படிப் பேசி நான் எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை. நீ போன் பண்ணினால் “இந்தா, உம் புள்ள” என்று என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போகிறவர் அவர். “அப்பாவுக்கு எங்கிட்ட பேச ஒண்ணுமே இல்லியாம்மா?” என்று நீ கேட்கும்போதெல்லாம், அவர் சுபாவம் அப்படி என்று நான் மழுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நீ “மீட்டிங் இருக்குதுப்பா, அப்புறம் பேசறேன்” என்று சொன்னதும் சட்டென்று குரல் நின்றது. ஹால் ஒரேயடியாகக் காலியாகிவிட்டது. உன் அப்பா எழுந்து, கேட்டைத் திறந்து, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “கேட்டு சாத்தியிருக்குதான்னு பாத்தேன்” என்றார்.

இதற்கு நடுவில் உன்னிடம் ஒன்று சொல்லியிருந்தேன், நினைவிருக்கிறதா? ஆம்பளைக் குரல் ஹாலில் இருந்துகொண்டே இருக்கிறது, கூச்சமாக இருக்கிறது, பொம்பளைக் குரலாக மாற்று என்று. அங்கிருந்தபடியே நீ மாற்றினாய். அடுத்த நாள் காலையில் உன் அப்பா பெட்டியைக் கையில் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். “ரிப்பேரு ஆயிடுச்சி டீச்சர். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது” என்றார். மறுபடியும் அதைக் கூப்பிட்டு, இன்று மழை வருமா என்று கேட்டார். சின்னப் பெண் ஒருத்தியின் குரலில் அது தெளிவாக, சத்தமாக, மழைக்கு வாய்ப்பில்லை என்றது. எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாத்தியா? செத்துப்போச்சு” என்றார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னவோ புரிகிற மாதிரி இருந்தது. நான் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவள். என் குரல் எப்போதும் மேலேதான் நிற்கும், கோபம் வந்தால் இன்னும் மேலே போகும். அவருக்கு எதிரில் போய் நின்றேன். சர்ச் பாட்டில் கீழ்க்குரல் பாடுவார்களே, அந்த மாதிரி அடித்தொண்டையிலிருந்து மெதுவாக, “ஏங்க, நா பேசறது கேக்குதா?” என்றேன்.

“கேக்குது. இன்னாத்துக்கு ஆம்பள மாதிரி பேசற?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவர் என்னைப் பொருட்படுத்தாமல் இருக்கவில்லை. நான் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மளிகைக் கடைச் சண்டை, உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் நடந்த சண்டை, என்றைக்கோ நான் பேசப் பேச அவர் எழுந்து போன சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து, வேறு மாதிரித் திரும்பி உட்கார்ந்தன.

வேலூருக்குப் பஸ் ஏறிப் போய்க் காது காட்டினோம். சோதனை செய்த பெண்ணுக்குச் சின்ன வயது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். நான் வெளியே நின்று பார்த்தேன். அவர் கை ரொம்ப நேரம் மடியிலேயே கிடந்தது. “சத்தம் ஜாஸ்தியா இருக்கற எடத்துல வேல பாத்தீங்களாப்பா?” என்று கேட்டாள். “மில்லும்மா. நாள் பூரா மெஷினு பக்கத்துலதான்” என்றார். கீச்சுக்குரல்கள் எல்லாம் அவருக்கு மங்கிப் போய்விட்டன, கனமான குரல்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன என்று அவள் சொன்னாள். போனில் வருகிற குரலில் கனமெல்லாம் வடிந்துபோய் மெல்லியதுதான் வரும், அதனால்தான் அவருக்குப் பிடிபடவில்லை, நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் பிடிபடுகிறது என்றாள். நீ அவருக்காகத் தேர்ந்தெடுத்த அந்தக் கனத்த குரல் அவருக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நான் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காதில் மாட்டுகிற மெஷின் வந்ததும் மறுபடி போனோம். அந்தப் பெண் அதைப் பொருத்திவிட்டு, “நீங்க எதுனா பேசுங்கம்மா” என்றாள். அத்தனை வருடம் பேசினவளுக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை அகப்படவில்லை. “மத்தியானம் எங்க சாப்பிடலாங்க?” என்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார், யார் பேசியது என்பது போல. அப்புறம் என்னைப் பார்த்தார்.

“டீச்சர், உங் கொரலா இது?”

“ஆமா.”

“எப்பத்துலேர்ந்து இப்டி ஆச்சு?”

அந்தப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. என் குரல் கிழடாகிப் போனது அவருக்குத் தெரியாது. என் உதடு அசைவதைப் பார்த்து, கல்யாணமான புதிதில் கேட்ட என் குரலை அதன் மேல் அவராகவே ஏற்றி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை வருடமும் அவர் காதுக்குள் நான் சின்னப் பெண்ணாகவே பேசியிருக்கிறேன். அதை அன்றைக்கு அவரிடமிருந்து பிடுங்கிவிட்டோம். “பழைய கொரலே நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன். “அது பாட்டுக்கு அது இருக்கும். இதுவும் பழகிடும், பேசிகினே வா” என்றார். ஆரணி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன்.

காது மந்தமாகிவிட்டது தெரிந்தும் ஏன் மறைத்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டேன். “மொதல்ல பயம். செவுடுன்னு தெரிஞ்சா மெஷினு பக்கத்துல வுட மாட்டாங்க. அப்பறம் அப்டியே பழகிப்போச்சு” என்றார். உன் போனை ஏன் வாங்குவதில்லை என்றும் கேட்டேன். “அவன் பேசறது கொசு கத்தற மாதிரி இருக்கும். அவன் ஒண்ணு கேட்டு நா ஒண்ணு சொன்னா, கெழவனுக்குப் புத்தி போச்சுன்னு நெனப்பானே. அதான் உங்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன்.”

இனி பெட்டிக்கு வருகிறேன். மெஷின் மாட்டிய பிறகு வீட்டுச் சத்தமெல்லாம் அவருக்குப் புதிதாக இருந்தது. குக்கர் விசிலுக்குத் துள்ளினார். விமலாவின் தறிச் சத்தத்தைச் சுவரில் கை வைத்துக் கேட்டார். பெட்டியைப் பழைய ஆண் குரலுக்கே மாற்றச் சொல்லி உன்னிடம் கேட்டோமே, அது மாறியதும் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ கேட்டார். பதில் முழுவதையும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது மூச்சு வுடல டீச்சர்” என்றார். “முன்ன ஆளு மாதிரி இருந்துச்சி. இப்ப தெளிவா கேக்குது, ஆளக் காணோம்.”

அதற்கப்புறமும் ஒரு தடவை நீ அந்தப் பெட்டியில் வந்து பேசினாய். நீ ஹாலில் இல்லை என்பது நன்றாகத் தெரிந்துதான் பேசினோம். ஆனாலும் நீ முடித்ததும் உன் அப்பா எழுந்து கேட்டு வரைக்கும் போனார். இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கினார். “போன்ல பேசனா அவன் தூரத்துல இருக்கான்னு தெரியுது, மனசு ஒத்துக்குது. இதுல பேசனா ஹால்ல இருந்துட்டு எந்திரிச்சிப் போன மாதிரி இருக்குது. ஒவ்வொரு தடவையும் புள்ளய அனுப்பி வெக்க என்னால ஆவல” என்றார். அட்டைப்பெட்டியை நான்தான் எடுத்து வந்தேன். இதுதான் காரணம். உன் மேல் வருத்தம் இல்லை. நீ அதை வாங்கி வராமல் இருந்திருந்தால், நான் இன்னும் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் ஒன்று சொல்கிறேன், சொல்ல எனக்குத் தகுதி வந்திருக்கிறது. நீங்கள் வந்திருந்தபோது பார்த்தேன், நீ மாடியிலிருந்து ஒன்று சொல்கிறாய், அவள் கீழிருந்து ஒன்று சொல்கிறாள். பதில் வரவில்லையென்றால் கோபப்படுவதற்கு முன்னால் எழுந்து போ. எதிரில் நின்று முகத்தைப் பார்த்துக் கேள். பாதிச் சண்டை அந்த நாலு எட்டு நடையிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ. கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து நாம் இருவரும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது நீ ஒன்று சொன்னாய். முதல் முதலாக வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, ஆரணி பஸ் ஸ்டாண்டில் உன் அப்பாவைத் தனியாகப் பார்த்து, “நான் போறது உங்களுக்குப் புடிக்கலியாப்பா?” என்று கேட்டாயாம். அவர் “ஆங், ஆங்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாராம். “புடிக்கலன்னு நேராவே சொல்லிட்டாரும்மா” என்றாய். அதை நீ இத்தனை காலம் தனியாகச் சுமந்திருக்கிறாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அதை அவரிடம் சொன்னேன்.

அவர் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்டியா கேட்டான்?” என்றார். “சுத்தி ஒரே பஸ்ஸு ஆரன். வாய் அசையறதுதான் தெரிஞ்சுது. பையெல்லாம் ஏத்தியாச்சான்னு கேக்கறான்னு நெனச்சேன் டீச்சர்.” தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு தடவ கேக்கச் சொல்லு” என்றார்.

இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. காதில் மெஷினோடு அவர்தான் எடுப்பார். நான் அடுப்படியில் இருப்பேன், வர மாட்டேன். கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா